சிற்றலை (ஷார்ட் வேவ்) வானொலி நேயர் மன்றக் கூட்டங்கள்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

1990களின் பிற்பகுதியில் என் தங்கை, சித்தப்பா மகன், எதிர்வீட்டு அண்ணன் தம்பி, நான் என ஐந்து பேர் சேர்ந்து ஒரு வானொலி நேயர் மன்றம் நடத்தினோம். சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் பெட்டிதான் மன்றத்தின் ஒரே சொத்து. மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து வேப்பமரம் வரை இழுத்துக் கட்டிய செப்புக் கம்பியின் முனையை அதன் ஏரியலில் சுற்றிவிட்டால், பீஜிங்கிலிருந்து சீன வானொலியும் மணிலாவிலிருந்து வேரித்தாஸும் லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசையும் எங்கள் மொட்டை மாடிக்கு வந்து சேரும். இலங்கை வானொலிக்கு அந்தக் கம்பியும் தேவைப்படாது. கடலுக்கு அந்தப் பக்கம்தானே!

கேட்பது இரவில் என்றால், கேட்டதை அறிக்கையாக எழுதுவது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில். தேதி, உலக நேரம், அலைவரிசை, நிகழ்ச்சியை உண்மையிலேயே கேட்டோம் என்பதற்கு ஆதாரமாகச் சில விவரங்கள், அவற்றோடு ‘சின்போ’ எனப்படும் ஐந்து இலக்க மதிப்பெண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். சரியாக எழுதி அனுப்பினால், நாம் கேட்டதை உறுதிசெய்து நிலையத்திலிருந்து கியூ.எஸ்.எல். எனப்படும் அட்டை வரும். தமிழோசை நம் நேரப்படி இரவு 9.15 மணிக்குத் தொடங்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து 15.45 என்று எழுதுவது சித்தப்பா மகனின் பொறுப்பு. மதிப்பெண் போடுவதில்தான் எப்போதும் சண்டை வரும். ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை போட வேண்டும்; ஐந்து என்றால் குறையே இல்லை என்று பொருள். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டால் நிலையத்தார் மகிழ்ந்து அட்டையைச் சீக்கிரம் அனுப்புவார்கள் என்பது எதிர்வீட்டு அண்ணனின் கட்சி. செயலாளரான என் தங்கை அப்போது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். எந்த அலைவரிசை எந்த ஊரில் தேறவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அறிக்கை கேட்கிறார்கள், மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அவர்கள் அலைவரிசைகளை மாற்றுவதே அதற்காகத்தான், நாம் பொய்யாக ஐந்து போட்டால் நமக்குக் கேட்காத அலைவரிசையிலேயே இன்னும் ஆறு மாதம் ஓட்டுவார்கள் என்று அவள் விடாமல் வாதாடுவாள். கூட்டக் குறிப்பேட்டில் ‘பக்கத்து வீட்டு டியூப்லைட் சோக் இரைச்சலால் மூன்று’ என்று அவள் எழுதி அடிக்கோடிட்ட பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்படி ஒரு வாக்குவாதம் முற்றியிருந்த ஞாயிற்றுக்கிழமையன்று, சாதாரண உடையில் ஒருவர் மாடியேறி வந்தார். சீனாவிலிருந்து இந்த முகவரிக்கு அடிக்கடி தபால் வருவதாகத் தெரிகிறது, விசாரித்துப் போகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். மன்றத்துக்குத் தலைவர் யார் என்று அவர் கேட்டதும், “தலைவர் டியூஷனுக்குப் போயிருக்கார் சார், நான்தான் செயலாளர்” என்று என் தங்கை எழுந்து நின்று சொன்னாள். தலைவராக இருந்த எதிர்வீட்டுத் தம்பி ஏழாம் வகுப்பு என்பதை அவர் பிறகுதான் அறிந்துகொண்டார். குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தார். சந்தா வரவு செலவில் பேட்டரிக்கும் தபால்தலைக்கும் எழுதியிருந்த தொகைகளைக் கூட்டிக்கூடப் பார்த்தார். பெருஞ்சுவர் படம் போட்ட அட்டையைத் திருப்பி, பின்னாலிருந்த அலைவரிசை எண்ணைக் காட்டி இது என்ன சங்கேதமா என்று கேட்டபோது, சித்தப்பா மகன் பெட்டியைப் போட்டு முள்ளை அந்த எண்ணுக்கே நகர்த்திக் காட்டினான். பகல் பொழுதாகையால் வெறும் இரைச்சல்தான் வந்தது; அதற்காக அவன் பட்ட அவமானத்தை இன்றும் சொல்லிச் சிரிப்போம். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கொழும்பு எந்த முள்ளில் எடுக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு அவர் கிளம்பினார். வருகைப் பதிவில் கையொப்பம் வேண்டுமென்று என் தங்கை நீட்டிய பேனாவை மட்டும் கடைசி வரை வாங்கிக்கொள்ளவில்லை.

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

சோக் இரைச்சல் என்று படித்ததும் எங்கள் மன்றம் நினைவுக்கு வந்தது. 2012இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஊரே புலம்பிக்கொண்டிருக்க, நானும் அக்காவும் பெரியம்மா பிள்ளைகளும் மட்டும் கரண்ட் போவதற்காகக் காத்திருப்போம். தெருவில் விளக்கு, மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாம் அடங்கிய பிறகு, சாதாரண நாளில் இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும் நிலையங்கள்கூடத் தெளிவாகக் கேட்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பற்றி நாளிதழில் வரும் அறிவிப்பைக் கத்தரித்து ஒட்டி, அந்தத் தேதிக்கே கூட்டம் வைப்போம். பகல் என்பதால் 19 மீட்டர், 16 மீட்டர் என்று அலைநீளம் குறைந்த உயர் அலைவரிசைகளில்தான் தேட வேண்டியிருக்கும். 49 மீட்டர் பக்கம் இருட்டிய பிறகுதான் உயிர் வரும். இன்வெர்ட்டர் வைத்திருந்த பக்கத்து வீட்டு மாமாவைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்து, கூட்டம் முடியும் வரை அதை நிறுத்திவைக்க அக்கா சம்மதம் வாங்கியதை எங்கள் மன்றத்தின் பெரிய சாதனையாகவே சொல்வேன்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் இன்னும் கல்லூரியில் படிக்கிறேன். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றுவிட்டதால், நீங்கள் சொல்வதைப் போல அட்டைகள் சேர்க்கும் வாய்ப்பு எங்கள் தலைமுறைக்கு அவ்வளவாக இல்லை. ஆனாலும் நானும் தம்பியும் அத்தை மகள்கள் இருவரும் சேர்ந்து அதே மாதிரி ஒரு மன்றம் நடத்துகிறோம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய இணைய வானொலி ஏற்பியில் யார் வேண்டுமானாலும் அமர்ந்த இடத்திலிருந்து சிற்றலைகளைத் தேடலாம். இருந்தாலும் சொந்த ஏரியலில் பிடிப்பதற்கு அது ஈடாகாது என்பது எங்கள் கட்சி.

சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து அவ்வப்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை ஒலியாக மாற்றி அனுப்புவார்கள். சிறிய யு.எஸ்.பி. ஏற்பி ஒன்றும், ஏறக்குறைய அரை மீட்டர் நீளத்தில் இரண்டு அலுமினியக் குச்சிகளும், மடிக்கணினியும் இருந்தால் அதைப் பிடித்துவிடலாம். நிலையம் நம் தலைக்கு மேல் கடப்பது அதிகம் போனால் பத்து நிமிடம். ஒரு படம் முழுதாக வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். சென்ற முறை தம்பி குச்சியைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க, மேல் பாதி தெளிவாக வந்து, நிலையம் அடிவானத்தில் இறங்கியதும் கீழ்ப் பாதி முழுக்கப் புள்ளிப் புள்ளியாகிவிட்டது. கணினியில் கீழ்ப் பாதியை வெட்டிவிட்டு, படம் அனுப்புபவர்களின் இணையதளத்தில் பதிவேற்றலாம் என்று அத்தை மகள் சொன்னாள். எங்கிருந்து எந்த அளவுக்குக் கேட்டது என்பதே அவர்களுக்குத் தேவை என்று தம்பி வாதாடினான். வாக்கெடுப்பில் இரண்டுக்கு இரண்டு ஆனதால், தலைவர் என்ற முறையில் என் தீர்மான வாக்கைத் தம்பி பக்கம் போட்டு, புள்ளிகளோடு அப்படியே அனுப்பினோம். சான்றிதழ் வந்துவிட்டது.