நெவாடா வர்ஜின் பள்ளத்தாக்கில் ஓப்பல் தோண்டச் செல்கிறோம்: எங்கே தோண்டுவது, எடுத்த கல்லை எப்படிக் காப்பது?

கேள்வி (மலர்விழி)

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதத்தில் நானும் என் 12 வயது மகளும், நெவாடா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் ஆரிகன் எல்லையை ஒட்டியிருக்கும் வர்ஜின் பள்ளத்தாக்குக்குச் சென்று, கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களைத் தோண்ட அனுமதிக்கும், ஓப்பல் என்னும் மணிக்கல் கிடைக்கும் சுரங்கம் ஒன்றில் இரண்டு நாள்கள் தோண்ட எண்ணியிருக்கிறோம். மலைச்சரிவைப் புதிதாக வெட்டித் தேடுவதற்கு ஒரு கட்டணமும், ஏற்கெனவே வெட்டிக் கொட்டிய மண்மேட்டைக் கிளறித் தேடுவதற்கு அதைவிட மிகக் குறைந்த கட்டணமும் வாங்குகிறார்கள். முன்அனுபவம் சிறிதும் இல்லாத எங்களுக்கு இவற்றில் எது பொருந்தும்? தன் கையால் எடுத்த கல்லைப் பதக்கமாகச் செய்து பாட்டிக்குக் கொடுக்க வேண்டும் என்று மகள் ஆசைப்படுகிறாள். அது நடக்கக்கூடியதுதானா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (கல்தேடி)

சகோதரி அவர்களுக்கு வணக்கம். அந்தப் பள்ளத்தாக்கில் மூன்று முறை தோண்டியிருக்கிறேன். முதல் நாளை மண்மேட்டில் கழியுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் மறுநாள் சரிவுக்குச் செல்லுங்கள். பணத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மண்ணுக்குள் ஓப்பல் எந்த உருவில் இருக்கும் என்பது கண்ணுக்குப் பழகாத வரையில், சரிவில் நாள் முழுதும் பாடுபட்டாலும் கைக்கு வந்த கல்லையே மண்ணோடு சேர்த்து எறிந்துவிடுவோம்.

நீங்கள் தேடப் போவது கல்லை அன்று, மரத்தை. ஏறக்குறைய 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் ஏரி இருந்தது. அதில் அடித்து வரப்பட்ட கிளைகளும் சுள்ளிகளும் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் புதைந்தன. சாம்பலிலிருந்து கரைந்த சிலிக்கா என்னும் மணற்பொருளை நிலத்தடி நீர் சுமந்து வந்து, மரம் மக்கிய இடங்களில் சிறிது சிறிதாக இறக்கி வைத்தது. அதனால்தான் அங்கே கிடைக்கும் ஓப்பலில் பெரும்பகுதி கிளையின் வடிவத்திலேயே இருக்கிறது. நான் முதலில் எடுத்தது விரல் நீளத்தில் ஒரு பழுப்புக் குச்சி. மேலே பட்டையின் வரிகளும் ஒரு கணுவும் அப்படியே இருந்ததால், நேற்றுக் காற்றில் ஒடிந்து விழுந்த சுள்ளி என்றே நினைத்தேன். ஆனால் கையில் எடுத்தபோது கனத்தது. முறிந்த முனையில் தண்ணீரைத் தெளித்து வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே பச்சை படர்ந்திருக்க, நடுவில் ஒரு செம்புள்ளி தணல்போல் கனன்றது. கையைச் சற்றே திருப்பியதும் அந்தச் செம்புள்ளி மறைந்து, அதே இடத்தில் நீலம் வந்து நின்றது.

ஆகவே தண்ணீர் தெளிக்கும் சிறு புட்டி ஒன்று ஆளுக்கொன்றாகக் கட்டாயம் இருக்கட்டும். மண்மேட்டைப் பல் வைத்த வாருகோலால் மெல்ல வாரிவிட்டு, தண்ணீர் தெளித்து, சூரியனை எதிர்நோக்கியும் முதுகுப் பக்கம் வைத்தும் இரு முறை பாருங்கள். உச்சிப் பொழுதைவிடக் காலையிலும் மாலையிலும் சாய்வான வெயிலில் கண்ணாடித் துண்டுகளைப்போல் அவை மின்னிக் காட்டிக் கொடுக்கும். சரிவில் வேலை வேறு விதமானது. அங்குள்ள களிமண்ணைச் சிறு கைக்கொத்தால் பாளம் பாளமாகப் பெயர்க்க வேண்டும். கொத்தின் முனையில் கண்ணாடியில் தட்டியது போன்ற ஓசை கேட்டால் அத்துடன் கொத்தை வைத்துவிட்டு, திருப்புளியாலும் விரலாலும் சுற்றி மண்ணை எடுக்க வேண்டும். சரிவின் அடிப்பகுதியை மட்டும் குடைந்துகொண்டே போகாதீர்கள். மேலிருக்கும் மண் சரியும். மகளை அந்த இடத்தில் ஒருபோதும் தனியே விட வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி இருவருக்கும் தேவை.

மறுமொழி (பட்டறைக்காரர்)

நாற்பது ஆண்டுகளாகக் கல் தேய்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் பதக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தங்கள் மகளின் ஆசை மிக நல்ல ஆசை. எனினும் அந்தப் பள்ளத்தாக்கின் ஓப்பலை நம்பி அவளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கல்லின் ஒளியை நீரோட்டம் என்று சொல்வது நம் வழக்கம். ஓப்பலுக்குள் மெய்யாகவே நீர் இருக்கிறது. அது மிக நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு, இடையிடையே நீர் தங்கிய பொருள். உருண்டைகள் ஒரே அளவில் ஒழுங்காக அமைந்த இடத்தில்தான் ஒளி சிதறி நிறங்கள் தோன்றுகின்றன. சிறிய உருண்டைகள் நீலத்தையும் பெரியவை சிவப்பையும் தருகின்றன என்பதை 1960-களில் ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டு விளக்கினர். வர்ஜின் பள்ளத்தாக்கின் ஓப்பலில் நீர் மிகுதி. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஈர மண்ணுக்குள் கிடந்த கல்லை எடுத்துப் பாலைவனக் காற்றில் வைத்தால் மேற்பரப்பு முதலில் காய்ந்து சுருங்குகிறது, உட்பகுதி சுருங்குவதில்லை. கோடையில் வற்றிய ஏரியின் களிமண் வெடிப்பதைப்போல் கல்லும் வெடிக்கிறது.

ஒருவர் தோண்டி எடுத்துத் தந்த கருநிறக் கல் ஒன்றை, அவர் வற்புறுத்தியதால் ஒரு முறை தேய்த்துக் கொடுத்தேன். தேய்க்கும்போது மாசற்று இருந்தது. வெள்ளியில் பதித்து முடித்த மூன்றாம் வாரம் அதன் முகம் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் ஆகிவிட்டது. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து அந்தப் பகுதிக் கல்லுக்குக் கூலி வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். வெடிக்காமல் தப்பும் கற்களும் உண்டு. ஆனால் எது தப்பும் என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது.

1987-இல் நெவாடா தன் மாநில மணிக்கல்லாக அறிவித்தது இந்தப் பள்ளத்தாக்கின் கருநெருப்பு ஓப்பலைத்தான். அங்கே ரெயின்போ ரிட்ஜ் சுரங்கத்தில் 1917-இல் கிடைத்த 2,585 காரட் ரோப்ளிங் ஓப்பல், இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வெட்டப்படாத கல்லாகவே இருக்கிறது. தங்கள் மகளின் கல்லையும் அப்படியே, முழுக் கல்லாகவே வைத்துப் போற்றலாமே.

மலர்விழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன். சற்று நேரம் வாடியிருந்துவிட்டு, அப்படியானால் பாட்டிக்குக் கல்லைத் தண்ணீரோடு கொடுக்கலாம் என்றாள். வெட்டி எடுத்த கணத்திலிருந்து வீடு வந்து சேரும் வரை கல்லை எப்படி வைத்திருக்க வேண்டும்? நாங்கள் விமானத்தில் திரும்புகிறோம். எண்ணெயில் போட்டு வைத்தால் வெடிக்காது என்று ஒருவர் சொன்னார், அது சரியா?

மறுமொழி (பட்டறைக்காரர்)

எண்ணெய் வேண்டாம். அது வெடிப்பை நிரப்பிக் கண்ணுக்கு மறைக்கும், வெடிப்பதைத் தடுக்காது. கல் வெளிவந்த உடனே, ஒட்டியிருக்கும் களிமண்ணோடு சேர்த்தே ஈரத் துணியில் சுற்றி, காற்றுப் புகாமல் மூடும் பையில் போட்டு நிழலில் வையுங்கள். கழுவுவதெல்லாம் பிறகு செய்யலாம். வெயிலில் சூடேறிய கல்லைக் குளிர்ந்த நீரில் போடுவதும் கேடு. விமானத்திற்கு ஈரப் பஞ்சில் பொதிந்து, இரட்டைப் பையில் கட்டி, ஒப்படைக்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள். வீட்டில் மூடியுள்ள கண்ணாடிக் குடுவையில் காய்ச்சி வடித்த நீரை நிரப்பி அதில் வையுங்கள்; நீர் குறையும்போது ஊற்றி வந்தால் போதும். கண்ணாடியும் நீரும் சேர்ந்து நிறத்தை இன்னும் எடுப்பாகக் காட்டும்.

மறுமொழி (நெடுவழி)

பயணத்தைப் பற்றி ஒருவரும் சொல்லாததால் எழுதுகிறேன். வின்னமக்காவை விட்டால் பெரிய ஊர் கிடையாது. அங்கிருந்து, பள்ளத்தாக்குக்குப் போகும் வழியிலுள்ள டெனியோ என்னும் சிற்றூருக்கே சுமார் 100 மைல். எரிபொருள், குடிநீர், உணவு மூன்றையும் வின்னமக்காவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கைப்பேசி வேலை செய்யும் என்று நம்பாமல், திரும்பும் நாளையும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மழை பெய்தால் அந்தக் களிமண் பாதை சக்கரங்களை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பாதை காயும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. உணவை ஒரு நாளைக்குக் கூடுதலாகவே கொண்டு செல்ல வேண்டும் என்பது அதனால்தான். பகலில் வெயில் சுட்டாலும் இரவில் ஜூனிலும் குளிரும். கற்களுக்கு அடியில் கைவிடுவதற்கு முன் பாருங்கள். அங்கே விரியன் இனத்தைச் சேர்ந்த கொடிய நஞ்சுடைய கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு.

தாங்கள் கட்டணம் செலுத்திய எல்லைக்கு வெளியே கொத்தை எடுக்கவே கூடாது. பக்கத்து நிலம் வேறொருவரின் சுரங்க உரிமையாக இருக்கும். அதைச் சுற்றியுள்ளது ஷெல்டன் தேசிய வனவிலங்குப் புகலிடம். அந்தப் புகலிடத்துக்குள் வெந்நீரூற்று நீர் நிறையும் சிறு குளம் ஒன்று முகாமிடும் இடத்தருகே இருக்கிறது. நாள் முழுதும் குனிந்து தோண்டிய முதுகுக்கு அதைப்போல் இதம் வேறில்லை.

மகளுக்காக இன்னொன்று. சிறிய புறஊதா விளக்கு ஒன்றை வாங்கிச் செல்லுங்கள். அந்தப் பகுதியின் ஓப்பலில் பல, யுரேனியத்தின் மிகச் சிறு கலப்பால், அவ்வொளியில் பளிச்சென்ற பச்சையாக ஒளிரும். பகலில் எடுத்த துண்டுகளை இரவில் முகாமில் பரப்பி விளக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள். நிறமில்லை என்று பகலில் அவள் ஒதுக்கி வைத்தவற்றையும் சேர்த்துப் பரப்புங்கள்.