படகுத்துறைக்கு எந்தப் பொருள் தாங்கும்: மரமா, அலுமினியமா, கான்கிரீட்டா, பிளாஸ்டிக்கா?

கழிமுகம்:

வணக்கம். வீட்டை ஒட்டி ஆறு ஓடுகிறது, கடல் ரொம்ப தூரமில்லை, அதனால் தண்ணீர் வருஷத்தில் பாதி நாள் உவர்ப்பு. ஓதத்துக்கு ஏற்ப நீர்மட்டம் சுமார் ஒரு மீட்டர் ஏறி இறங்கும். பழைய மரத்துறை ஒன்று இருக்கிறது. அதன் தூண்கள் மேலே நன்றாக இருக்கின்றன, சேற்றுக்குப் பக்கத்திலும் நன்றாக இருக்கின்றன, ஆனால் தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் மட்டும் உடுக்கை மாதிரி இடை மெலிந்து போய்விட்டன. அதைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறேன். சின்ன மோட்டார் படகு ஒன்றைக் கட்டி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் அதிலிருந்துதான் குதித்து நீந்துவார்கள், வெறுங்காலோடுதான் ஓடுவார்கள்.

யாரைக் கேட்டாலும் அவரவர் விற்கும் பொருள்தான் ஆயுசுக்கும் தாங்கும் என்கிறார்கள். இருபது வருஷமாவது நிற்கணும், தண்ணீரில் நஞ்சு கலக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு ஆபத்து இருக்கக் கூடாது. எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது? இரவில் விளக்குப் போட ஒரு மின் இணைப்பும் இழுக்கலாம் என்று எண்ணம்.

துடுப்புக்காரன்:

இடை மெலிந்த தூண் என்று சொன்னதுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அது வெறும் உளுத்தல் கிடையாது, லிம்னோரியா என்று ஒரு பூச்சி, இறால் நண்டு வகையறாவைச் சேர்ந்தது, அரிசியைவிடச் சின்னது, மரத்தை வெளியிலிருந்து சுரண்டிக்கொண்டே உள்ளே போகும், ஓதம் ஏறி இறங்கும் பட்டையில்தான் அதன் ஆட்டம் அதிகம். இதற்குக் கூட்டாளி கப்பல்புழு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். குஞ்சாக இருக்கும்போதே ஊசித்துளை அளவில் நுழைந்துவிட்டு உள்ளேயே வளரும், வெளியே பார்த்தால் தூண் முழுசாகத் தெரியும், உள்ளே தேன்கூடு. 1730களில் நெதர்லாந்தின் கடல் அணைகளுக்கு முன்னால் இருந்த மர அரணையே இது தின்று தீர்த்து, அவர்களைக் கல்லுக்கு மாற வைத்தது. ஆகவே உவர்நீர் என்றால் முதல் கேள்வி மேல்பலகை எது என்பது இல்லை, தண்ணீருக்குள் நிற்கப் போவது எது என்பதுதான்.

ஒரே பொருளில் முழுத் துறையையும் கட்டணும் என்று யாரும் சொல்லவில்லையே. துறையை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். எப்போதும் முழுகியிருக்கும் பகுதி, நனைந்து காய்ந்து நனைந்து காயும் பகுதி, எப்போதும் மேலே இருக்கும் பகுதி. நடுவில் இருக்கிறதே, அதுதான் எல்லாப் பொருளுக்கும் எமன். மரமோ, இரும்போ, கான்கிரீட்டோ, உப்பும் காற்றும் ஈரமும் ஒன்றாகச் சேர்கிற இடம் அதுதான். நல்ல தண்ணீர் ஏரியில் முழுக்க முழுகியிருக்கும் மரம் காற்றில்லாததால் பல தலைமுறைக்குக் கூட உளுக்காமல் இருக்கும், அதே மரம் நீர்மட்டத்தில் சீக்கிரமே போய்விடும்.

தூணுக்கு மரம்தான் வேண்டும் என்றால் கிரீன்ஹார்ட், எக்கி மாதிரி கனத்த வெப்பமண்டல மரங்கள் துளைப்பான்களை நன்றாகவே எதிர்க்கும், ஆனால் அறவே தொடாது என்று எவராவது எழுதிக் கொடுத்தால் நம்பாதீர்கள். மருந்தேற்றிய மரம் என்றால் என்ன மருந்து என்று கேளுங்கள். பழைய நாளில் குரோமியம், தாமிரம், ஆர்செனிக் மூன்றும் கலந்த மருந்து. அமெரிக்காவில் 2003 கடைசியோடு வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள், கடலில் அடிக்கும் தூண்கள் மாதிரி சில உபயோகங்களுக்கு இன்னும் விட்டு வைத்திருக்கிறார்கள். கிரியோசோட் என்கிற மருந்து நிலக்கரித் தாரிலிருந்து வருவது, தோலில் பட்டால் எரியும், வெயிலில் கசியும், பிள்ளைகள் கட்டிப்பிடித்து ஏறுகிற இடத்தில் அது வேண்டவே வேண்டாம். இப்போது வருகிற தாமிர மருந்துகளில் ஆர்செனிக் இல்லை, மேல்தளத்துக்கும் சட்டத்துக்கும் சரி, உவர்நீரில் முழுகும் தூணுக்குப் போதாது. இன்னொன்று, மருந்தேற்றிய மரத்தை அறுத்தால் அறுத்த முனையில் மருந்து இல்லாத உள்மரம் வெளியே வந்துவிடும், அங்கே தாமிர நாப்தனேட் என்கிற மருந்தைப் பூசாமல் விட்டால் உளுப்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஆசாரி அவசரத்தில் இதைத்தான் முதலில் விடுவார், பக்கத்திலேயே நில்லுங்கள்.

நங்கூரம்:

துடுப்புக்காரன் சொன்னதில் பாதி சரி. ஆனால் மரத்தைப் பற்றி இவ்வளவு எழுதியதே அதிகம். ஒரு மீட்டர் ஏற்ற இறக்கம் இருக்கிற இடத்தில் நிலையான துறையே வேண்டாம், மிதவைத் துறைதான். படகும் துறையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், வற்றும்போது பிள்ளைகள் மேலிருந்து எட்டிக் குதித்துப் படகில் ஏற வேண்டியதில்லை. கரையிலிருந்து மிதவைக்குப் போகும் சாய்வுப் பாலம் மட்டும் நீளமாக இருக்கட்டும். ஒரு மீட்டர் இறக்கத்துக்கு நாலு மீட்டராவது இருந்தால்தான் சறுக்குமரம் ஆகாமல் இருக்கும்.

சட்டத்துக்கு அலுமினியம். 6061 கலவை அல்லது மக்னீசியம் சேர்ந்த 5000 வரிசை. எடை குறைவு, துருப்பிடிக்காது, பெயின்ட் வேண்டாம். ஆனால் மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும், இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, தாமிர மருந்து ஏற்றிய மரத்தை அலுமினியத்தோடு நேரடியாக ஒட்ட வைத்தால் ஈரம் பட்டதும் தாமிரம் அலுமினியத்தைத் தின்ன ஆரம்பிக்கும், நடுவில் பிளாஸ்டிக் பட்டை கொடுக்கணும். இரண்டு, ஈரக் கான்கிரீட்டுக்குள் வெற்று அலுமினியத்தைப் புதைக்காதீர்கள், அதன் காரம் அரிக்கும். மூன்று, படகின் அடியில் பூசும் தாமிர பெயின்ட் மிச்சம் இருக்கிறதே என்று அதை அலுமினிய மிதவையில் அடித்துவிடாதீர்கள்.

போல்ட்டு எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ். 304 அல்ல. 316ல் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருக்கிறது, உப்புத் தண்ணீரில் 304 புள்ளிப் புள்ளியாகக் குழி விழும். பெரிய அலுமினியச் சட்டத்தில் சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட்டு என்றால் பெரிய கெடுதல் இல்லை, வாஷரும் பிளாஸ்டிக் உறையும் போட்டால் போதும். தலைகீழாக, பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் அலுமினிய ரிவெட் அடித்தால் ரிவெட் சீக்கிரம் மாவாகிவிடும். படகு கட்டும் முளையை மரத் திருகாணியில் பிடிக்காமல் சட்டத்துக்குள் துளைத்து, அடியில் தகடு கொடுத்து, போல்ட்டாக முடுக்குங்கள். காற்று நாளில் படகு இழுக்கிற இழுப்பு முழுக்க அதில்தான் விழும்.

பாசிப்படி:

கான்கிரீட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. நல்ல கான்கிரீட் தூணுக்குக் கப்பல்புழுவும் கிடையாது, தீயும் கிடையாது. அதன் பகை உப்பில் இருக்கும் குளோரைடுதான். உப்பு மெதுவாக ஊறிப்போய்க் கம்பியைத் தொடும், கம்பி துருப்பிடித்து வீங்கும், இரும்பைவிடத் துரு பல மடங்கு இடம் பிடிக்கும், மேலிருக்கும் கான்கிரீட் பொரிந்து விழும். அதனால் கம்பிக்கு மேல் 50 முதல் 75 மில்லிமீட்டர் கனம் இருக்கணும், கலவையில் சிமென்டுக்குத் தண்ணீர் விகிதம் 0.40ஐத் தாண்டக் கூடாது, நிலக்கரிச் சாம்பலோ இரும்பு உலைக்கசடோ கலந்த சிமென்ட் நல்லது, ஈரம் காட்டிப் பதமாக்குவதில் அவசரம் கூடாது. தளத்திலேயே கையால் கலந்து ஊற்றுகிற தூணில் இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, ஆலையில் வார்த்த தூணாக வாங்கி இறக்குங்கள்.

மேல்பலகை பற்றி: மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையைச் சிராய் இல்லை, பராமரிப்பு இல்லை என்று விற்பார்கள். சிராய் குத்தாது என்பது உண்மை. ஆனால் கரும்பழுப்பு, சாம்பல் நிறங்கள் மத்தியான வெயிலில் கால் வைக்க முடியாத சூடு, அப்புறம் அது எடை தாங்கும் உத்தரம் கிடையாது, அடியில் 40 சென்டிமீட்டருக்கு ஒரு சட்டம் வேண்டும், சாய்வாகப் போட்டால் 30. நிழல் விழுகிற இடத்தில் அதிலும் பாசி படரும், மழைக்குப் பிறகு பிள்ளைகள் ஓடினால் வழுக்கும். எனக்குக் கண்ணாடி இழையில் வார்த்த, கட்டம் கட்டமாக ஓட்டை இருக்கும் தளம்தான் பிடிக்கும், மேலே மணல் பதித்தது. தண்ணீர் தேங்காது, அலை கீழிருந்து அடித்தாலும் துறையைத் தூக்காது, கீழே தாவரம் இருந்தால் வெளிச்சமும் போகும். வெறுங்காலுக்கு அந்த மணல் கொஞ்சம் உறுத்தும், அதனால் நடக்கிற பாதைக்கு இது, பிள்ளைகள் உட்காரும் ஓரத்துக்கு வெளிர் நிறப் பலகை என்று கலந்து போடலாம்.

கழிமுகம்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. மிதவைதான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். இரண்டு கேள்வி. மிதவைக்குப் பழைய 200 லிட்டர் டிரம்களைக் கட்டினால் போதாதா? சுமார் 2 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் நினைக்கிறேன். அப்புறம் பழைய துறையின் மரத்தை எரித்துவிடலாமா? மின் இணைப்பைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை.

நங்கூரம்:

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 சதுர மீட்டர். சட்டமும் பலகையும் சதுர மீட்டருக்கு 45 கிலோ என்று வைத்தால் 450 கிலோ. ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 100 கிலோ என்றால் 1,000. மொத்தம் 1,450. ஒரு 200 லிட்டர் இரும்பு டிரம் முழுக்க முழுகினால் தன் எடை போக 180 கிலோ வரைதான் தாங்கும். அதாவது எட்டு டிரம் போட்டால் பிள்ளைகள் கூட்டமாக ஏறும்போது பலகை தண்ணீரோடு தண்ணீராக இருக்கும். டிரம் பாதியாவது வெளியே தெரிய வேண்டுமென்றால் பதினாறு. அதையும் ஓரங்களில் வைக்கணும், நடுவில் குவித்தால் ஒரு பக்கம் நாலு பேர் நின்றதும் சாயும்.

இதெல்லாம் சரியாகவே செய்தாலும் இரும்பு டிரம் உவர்நீரில் துருப்பிடித்து ஓட்டை விழும், முன்பு உள்ளே என்ன இருந்ததோ அதன் மிச்சம் ஆற்றுக்குள் போகும். பழைய டிரம் வேண்டாம். வெறும் வெள்ளை நுரைக்கட்டியும் வேண்டாம். அது உதிர்ந்து மணிமணியாக மிதந்து மீன் வாய்க்குள் போகும், பெட்ரோல் பட்டால் கரைந்தே விடும், உங்களிடம் மோட்டார் படகு இருக்கிறது. தடித்த பாலிஎதிலீன் உறைக்குள் நுரை அடைத்து வருகிற மிதவைகளை வாங்குங்கள், உறையில் ஓட்டை விழுந்தாலும் உள்ளே நுரை இருப்பதால் மூழ்காது. கறுப்பு நிறம் என்றால் கார்பன் பிளாக் என்கிற கரித்தூள் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள், வெயிலைத் தாங்குவது அதனால்தான்.

துடுப்புக்காரன்:

எரிக்காதீர்கள். பழைய துறை என்கிறீர்கள், ஆர்செனிக் மருந்து ஏறிய மரமாக இருக்க நிறைய வாய்ப்பு. எரித்தால் புகையிலும் ஆர்செனிக், சாம்பலிலும் ஆர்செனிக். அந்தச் சாம்பலைத் தோட்டத்தில் கொட்டினால் இன்னும் மோசம். அறுக்கும்போதுகூட முகமூடி போடுங்கள், தூளைத் தண்ணீரில் விழ விடாமல் கீழே தார்ப்பாய் விரியுங்கள், அபாயக் கழிவு எடுக்கிற இடத்தில் ஒப்படையுங்கள்.

மின்சாரம்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பயம். துறையின் ஒயரிலோ படகின் ஒயரிலோ கசிவு இருந்தால் தண்ணீரே ஷாக் அடிக்கும். 10, 15 மில்லியாம்பியர் உடம்பில் பாய்ந்தாலே தசை பிடித்துக்கொள்ளும், கை கால் அடிக்க முடியாமல் மூழ்கிவிடுவார்கள், காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போவார். நல்ல தண்ணீரில்தான் இது அதிகம், ஏனென்றால் அங்கே தண்ணீரைவிட மனித உடம்பு நன்றாக மின்சாரம் கடத்தும். உங்கள் ஆறு வருஷத்தில் பாதி நாள் நல்ல தண்ணீர்தானே, அதோடு சட்டமும் அலுமினியம். விளக்குக்குத்தான் என்றால் 230 வோல்ட்டைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டு போகாதீர்கள், சூரிய ஒளியில் எரியும் 12 வோல்ட் விளக்கு போதும். கட்டாயம் வேண்டுமென்றால் கரையிலேயே 30 மில்லியாம்பியரில் அறுந்துகொள்ளும் கசிவுப் பாதுகாப்புச் சுவிட்ச், மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கணும், பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது இணைப்பு அணைந்தே இருக்கணும்.

பாசிப்படி:

ஏணியை மறந்துவிடாதீர்கள். குதிப்பது சுலபம், மேலே ஏறுவதற்கு வழியில்லாமல் மிதவையைப் பிடித்துத் தொங்குவதுதான் ஆபத்து. மிதவை என்பதால் ஒரு வசதி, ஏணியும் கூடவே ஏறி இறங்கும், ஆகவே கீழ்ப்படிகள் இரண்டு எப்போதும் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரிப் பொருத்திவிட்டால் போதும். ஆனால் முழுகியே இருக்கும் படியில் கொட்டலசு என்கிற கூரான ஓட்டு உயிரி ஒட்டும், கத்தி மாதிரி காலைக் கிழிக்கும், தூக்கி மடக்கி வைக்கிற ஏணியாக இருந்தால் ஒட்டாது. அதுவும் சின்னப் பிள்ளை தண்ணீரில் இருந்தபடியே இழுத்து இறக்கக்கூடியதாக இருக்கணும்.

மிதவையைப் பிடித்து நிறுத்தும் தூண்கள் நாலு வேண்டுமே, அதற்கு என்ன போடப் போகிறீர்கள்? தூணுக்கும் அதைச் சுற்றி மிதவையில் பொருத்தும் வளையத்துக்கும் நடுவில் விரல் நசுங்காத மாதிரி உருளை வையுங்கள்.

கழிமுகம்:

தூணுக்கு ஆலையில் வார்த்த கான்கிரீட் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பழைய மரத்தூண்களில் இரண்டு இன்னும் உறுதியாகத் தெரிகின்றன, பிளாஸ்டிக் உறை சுற்றி அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

துடுப்புக்காரன்:

உறை நல்ல முறைதான். உள்ளே புதுத் தண்ணீர் போகாவிட்டால் காற்றில்லாமல் பூச்சி செத்துப்போகும். ஆனால் சேற்றுக்குக் கீழே தொடங்கி ஓதம் ஏறும் மட்டத்துக்கு மேல் வரை இடைவெளி இல்லாமல் சுற்றணும், பாதியில் நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை. அதற்கு முன்னால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொந்துச் சத்தம் வந்தால் சேற்று மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே சின்னத் துளை போட்டு உள்மரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைக் குழாய்கள் தெரிந்தால் கப்பல்புழு உள்ளே இருக்கிறது, அந்தத் தூணைப் பிடுங்கிவிடுங்கள்.