பயோமேட்: 'வடிபடலம்' என்னும் கலைச்சொல் குறித்து

அனைவருக்கும் வணக்கம்.

செப்டிக் டேங்க் கழிவுநீர் இறங்கும் உறிஞ்சுகுழியின் மண்ணில் படரும் நுண்ணுயிர்ப் படலமே பயோமேட் (biomat). அதற்குத் தமிழில் முன்மொழியப்பட்டுள்ள 'அடைப்புப் படலம்', 'உயிர்ப்பாய்' ஆகிய இரண்டு சொற்களையும் என்னால் ஏற்க இயலவில்லை.

செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீர் உறிஞ்சுகுழியின் மண்ணைத் தொடும் இடத்தில் நுண்துகள்கள் மண்துளைகளில் தங்கிவிட, அவற்றைத் தின்று பெருகும் பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான பல்சர்க்கரைகளைச் சுரந்து, சில மில்லிமீட்டர் முதல் 2, 3 சென்டிமீட்டர் வரை தடித்த படலமொன்றை உண்டாக்குகின்றன. ஆக்சிஜன் அற்ற அவ்விடத்தில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு மண்ணிலுள்ள இரும்போடு சேர்வதால் அது கறுத்துவிடுகிறது. பழைய குழியைத் தோண்டினால் வழவழவென்று கையில் ஒட்டி, அழுகிய முட்டை நாற்றம் வீசும் அந்தக் கரிய மண், காற்றுப் பட்டதும் மெல்ல மெல்லப் பழுப்பேறும்.

இப்படலம் நீரின் வேகத்தைக் குறைப்பது உண்மைதான். ஆனால், நீர் மெதுவாக இறங்குவதால்தான் கீழுள்ள மண்துளைகளில் காற்று மிஞ்சுகிறது. அங்கே நைட்ரோசோமோனாஸ் என்னும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா என்னும் பாக்டீரியா அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நோய்க்கிருமிகளில் பெரும்பகுதி படலத்திலும் அதையடுத்த மண்ணிலும் சிக்கி மடிகிறது. மண் மெலிந்து, சுண்ணாம்புப் பாறை வெடிப்புகள் மலிந்த யாழ்ப்பாணத்தில் இந்த வடிப்புக்குப் போதிய இடமில்லாததால், குழிநீர் கிணறுகளைக் கெடுப்பது நெடுநாள் கவலையாக இருந்துவருகிறது. இத்தகைய ஒன்றுக்கு 'அடைப்பு' என்று பெயரிட்டால், அமிலம் ஊற்றி ஒழிக்கவேண்டிய குறையென்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். தாங்கும் அளவுக்கு மேல் கழிவுநீர் வந்து, படலம் மிகத் தடித்து, குழியில் நீர் தேங்கும் நிலைக்கு மட்டும் அச்சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

'உயிர்ப்பாய்' அழகான சொல்தான். ஆயினும் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடா போன்ற ஆழமற்ற கடலோரங்களில், வெயிலை நம்பி வளரும் நுண்ணுயிர்ப் பாய்கள் வேறு வகையின. இருளில் வளரும் இதற்கும் அப்பெயரை இட்டால் இரண்டும் குழம்பும்.

ஆகவே 'வடிபடலம்' என்பதை முன்வைக்கிறேன். நீர் வடிதல், நீரை வடித்தல் என்னும் இரு பொருளும் அதில் அடங்குகின்றன. பரப்புகளில் நுண்ணுயிர்கள் ஒட்டி வளரும் படலமான பயோஃபிலிமைக் குறிக்கும் 'உயிரிப்படலம்' என்பதோடு உள்ள உறவும் விட்டுப்போவதில்லை. 1829இல் லண்டன் செல்சியில் பொறியாளர் ஜேம்ஸ் சிம்ப்சன் அமைத்ததைப் போன்ற, நீரை மணல் வழியே மெல்ல இறக்கித் தூய்மையாக்கும் மெது மணல் வடிகட்டிகளின் மேற்பரப்பில் படரும் உயிர்ப்படிவை 'மணல் வடிபடலம்' என்றும், உறிஞ்சுகுழியில் உருவாவதை 'மண் வடிபடலம்' என்றும் பிரித்து வழங்கலாம்.