"பெண்களின் இடம் சமையலறை": பர்கர் கிங் ட்வீட்டில் தப்பு யார் மேல்?

கரிசல்காட்டான்:
2021 மார்ச் 8, மகளிர் தினம். துரித உணவு நிறுவனமான பர்கர் கிங்கின் பிரிட்டன் கிளை ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) போட்ட முதல் வரி, "பெண்களின் இடம் சமையலறை". அடுத்தடுத்த ட்வீட்டுகளில்தான் விஷயமே இருந்தது: அவர்கள் விரும்பினால் மட்டும், தொழில்முறை சமையல்காரர்களில் 20 சதவீதம் பேர்தான் பெண்கள், அதை மாற்ற எங்கள் பெண் ஊழியர்களுக்கு உதவித்தொகை தருகிறோம். யாரும் கீழே படிக்கவில்லை. திட்டு தாங்காமல் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டு, பிறகு ட்வீட்டை நீக்கினார்கள். நல்ல திட்டத்தைக் கெடுத்தது அவசரக்கார வாசகர்கள் என்பேன்.

தேரடி மல்லிகா:
வாசகர் மேல பழி போடாதீங்க. ட்விட்டர்ல ஒவ்வொரு ட்வீட்டும் தனியா பகிரப்படும். ஒருத்தர் முதல் ட்வீட்டைப் பகிர்ந்தா, அவரைப் பின்தொடர்றவங்க கண்ணுல படுறது அந்த ஒரு வரிதான். மீதியைப் படிக்க உள்ளே போகணும். கணக்கை நடத்துறவங்களுக்கு இது தெரியாதா? அதே நாள் அமெரிக்காவில் இதே வரியை நியூயார்க் டைம்ஸ்ல முழுப்பக்க விளம்பரமா போட்டாங்க. அங்க விளக்கமும் அதே பக்கத்துல இருந்துச்சு. தாள்ல நிக்கிற வரி ட்விட்டர்ல நிக்காது.

கரிசல்காட்டான்:
பத்திரிகை விளம்பரத்தையும்தான் கண்டித்தார்கள். அப்போ உங்கள் வாதம் எங்கே போச்சு? "மகளிர் தின வாழ்த்துகள், உதவித்தொகை அறிவிப்பு" என்று போட்டிருந்தால் நாம் இன்று இதைப் பேசிக்கொண்டே இருக்க மாட்டோம். சீண்டினால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஏரிக்கரை:
மல்லிகா சொன்னது பாதி. வரியே தப்பு. பெண்கள் காலங்காலமாகக் கேட்டு வலித்த வசவை, அவங்க தினத்திலேயே தூண்டிலா போட்டாங்க. அமெரிக்காவில் அறிவிச்ச உதவி எவ்வளவு? 2 ஊழியர்களுக்குத் தலா 25,000 டாலர். அதுக்கு இந்த ஆர்ப்பாட்டமா? ட்வீட்டை நீக்கச் சொன்னப்போ, பிரிட்டன் கிளை முதல்ல "ஏன் நீக்கணும்?"னு எதிர்க்கேள்வி வேற கேட்டுச்சு.

தேரடி மல்லிகா:
ஏரிக்கரை சொல்றது சரி, வரியும் தப்புதான். ஆனா அந்த நிறுவனமே "முதல் ட்வீட் தவறு"ன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டுச்சு. வாசகரைக் குறை சொல்லல. கரிசல், நீங்க மட்டும் ஏன் அவங்களுக்காக வாதாடுறீங்க?

கரிசல்காட்டான்:
மன்னிப்புக் கேட்டது நெருக்கடியில். வரி மோசம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொழில்முறை சமையலறையில் பெண்கள் குறைவு என்று யாராவது இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறார்களா?

ஏரிக்கரை:
சத்தம் கேட்டுச்சு. உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிக்கணும்னு அன்னைக்கு யாராவது பேசினாங்களா? அதைச் சொல்லுங்க.