மறு: கருவி அதிர்வால் கைக்கு வரும் நோய் – பெயர் என்ன வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

> ‘வெண்விரல் நோய்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சின்னச் சொல், பார்த்ததும் புரியும்.

பார்த்ததும் வேறொன்றாகப் புரிந்துவிடும் என்பதுதான் என் பயம், ஐயா. நம் ஊரில் உடம்பைப் பற்றிப் பேசும்போது ‘வெண்’ என்று தொடங்கினாலே வெண்புள்ளிதான் நினைவுக்கு வரும். அது வந்தால் தங்கிவிடும். இந்த விரல் வெளுப்பு வந்து வந்து போகும். குளிரில் விரல்நுனிக்கு ரத்தம் போவது நின்று வெளுக்கும். சூடு ஏறியதும் சிவந்து, பழைய நிறத்துக்கு வந்துவிடும். மருத்துவர் முன்னால் போய் உட்காரும்போது விரல் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும்.

அதனால்தான் ‘வெளிறுவிரல்’ என்கிறேன். ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. நேற்று வெளிறிய, இன்று வெளிறுகிற, நாளைக் காலை மறுபடி வெளிறும் விரல். மூன்று காலமும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. இந்த நோய்க்கென்றே இலக்கணம் செய்துவைத்ததுபோல.

ஆனால் இது ஓர் அறிகுறிக்கான பெயர்தான். முழு நோய்க்கும் இதையே வைப்பது சரியில்லை. தொழில்நோய் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், பெட்ஃபோர்டு சுண்ணாம்புக்கல் தொழிலாளரிடம் கண்டது வெளிறல். காற்றழுத்தச் சுத்தியல் வலக்கையில், உளி இடக்கையில். அதிகம் வெளுத்தது உளி பிடித்த இடக்கை விரல்கள். ஜப்பானில் சங்கிலி ரம்பம் பிடித்த காட்டுத் தொழிலாளருக்கு வந்தபோது மக்கள் வாயில் ‘ஹகுரோபியோ’ ஆயிற்று; வெண்மெழுகு நோய் என்று பொருள். குளிர் ஊர்க்காரர்கள் கண்ணில் பட்டதை வைத்துப் பெயரிட்டார்கள். வெயில் நாடுகளில் அந்த வெளுப்பு அபூர்வம். நரம்பு கெடுவதுதான் முதலில் தெரியும்: மரத்துப்போவது, சுருசுருவென்று குத்துவது, பிடி தளர்வது.

நான் தளப் பொறியாளராக இருந்தபோது, பல வருடம் கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் பிடித்த அண்ணன் ஒருவர் டீக்கடையில் காசு எடுக்கப் பையில் கைவிடுவார். ஐந்து ரூபாயா, இரண்டு ரூபாயா என்று தடவிப் பார்த்துத் தெரியாது. மொத்தத்தையும் வெளியே எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, கண்ணால் பார்த்துத்தான் கொடுப்பார். சட்டையின் மேல் பித்தானைப் போடுவதையே விட்டுவிட்டார். அவர் விரல் வெளுத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ‘வெண்விரல் நோய்’ என்று சுவரொட்டி ஒட்டினால், “நமக்கு வெளுக்கலையே” என்று அவர் நகர்ந்துவிடுவார்.

> ‘கை-புய அதிர்வு நோய்க்குறித்தொகுப்பு’ துல்லியமாக இருக்கிறது.

இருக்கிறது. வாசித்து முடிப்பதற்குள் ஷிப்டும் முடிந்துவிடும். அதோடு புயம் எதற்கு? ஆங்கிலத்துக்கு இரண்டு சொல் வேண்டும். நமக்குத் தோளிலிருந்து விரல்நுனி வரை எல்லாமே கைதான்.

சரி, ‘கையதிர்வு நோய்’ என்று சுருக்கலாமா என்று யோசித்தேன். கைநடுக்கம் என்று நினைத்துவிடுவார்கள். கை தானாக ஆடவில்லை. கருவியின் அதிர்வு கை வழியாக ஏறுகிறது. ஆகவே ‘கைவழி அதிர்வு’. அதனால் வருவது ‘கைவழி அதிர்வு நோய்’. இருக்கை வழியாகவோ பாதம் வழியாகவோ ஏறி, டிராக்டர், டம்பர் ஓட்டுநர்களின் இடுப்பைப் பதம் பார்ப்பது ‘முழுவுடல் அதிர்வு’. இந்த இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும். 2002ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய ஆணை அதிர்வின் முடுக்கத்தை எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்டு, கைக்கு 5 மீ/நொடி², உடலுக்கு 1.15 மீ/நொடி² என்று தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது. கைக்கு 2.5ஐ எட்டும்போதே நிறுவனம் நடவடிக்கையில் இறங்கவேண்டும். நடவடிக்கை தொடங்கவேண்டிய அந்த 2.5க்கு ‘எச்சரிக்கை அளவு’ என்று எழுதிவருகிறேன். முழுத் திருப்தி இல்லை.

பழந்தமிழில் கைவழி என்றால் யாழ் என்று யாராவது எழுதப்போகிறீர்கள், தெரியும். அதுவும் கையில் பிடித்தால் அதிர்வதுதானே, இருக்கட்டும்.

மரத்துப்போவதற்கு ‘மரப்பு’ போதும் என்று நினைக்கிறேன். ‘உணர்விழப்பு’ என்றால் மயக்க மருந்து கொடுத்ததுபோல் இருக்கிறது. குழுவில் உள்ள மருத்துவர்கள் இந்த ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். மற்றதைக் கையேட்டில் ஏற்றிவிடுகிறேன்.