336-ஆம் பக்கத்தைப் புரட்டுங்கள்

தலைப்புப் பக்கத்தில் 1848 என்று இருந்தால் போதும், ஆங்கில எழுத்தாளர் தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' நாவலின் முதல் பதிப்பு கிடைத்துவிட்டது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். ஆண்டு சரிதான். ஆனால் அதே ஆண்டு போட்ட பிரதிகளுக்குள்ளேயே முந்தியது, பிந்தியது என்று உண்டு. விலையும் அதைப் பொறுத்து எங்கேயோ போய்விடும்.

வேல்ஸ் எல்லையில் ஹே-ஆன்-வை என்ற சிற்றூர், திரும்பிய பக்கமெல்லாம் பழைய புத்தகக் கடை. நண்பர் வாங்க நினைத்த பிரதி ஒன்றைப் பார்க்க அவரோடு அங்கே போயிருந்தேன். அரைத்தோல் பைண்டிங், முதுகில் பொன்னெழுத்து. உள்ளட்டையில் 'முதல் பதிப்பு, முதல் வெளியீடு' என்று பென்சிலில் எழுதி விலை போட்டிருந்தார்கள்.

நான் முதலில் பார்ப்பது தாள்களின் உள் ஓரத்தை. இந்த நாவல் முதலில் முழுப் புத்தகமாக வரவில்லை. பிராட்பரி அண்ட் எவன்ஸ் பதிப்பகத்தார் 1847 ஜனவரி முதல் 1848 ஜூலை வரை மாதம் ஒரு பகுதியாக, ஒரு ஷில்லிங் விலையில், மஞ்சள் அட்டை போட்டு விற்றார்கள். (டிக்கன்ஸுக்குப் பச்சை அட்டை.) பகுதிகளைச் சேர்த்துவைத்தவர்கள் கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு பகுதியையும் பக்கவாட்டில் ஊசி குத்தித் தைத்திருந்ததால் அந்தத் துளைகள் மடிப்புக்கு அருகே அப்படியே நிற்கும். பூச்சி அரித்தது என்று பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதைக் கண்டால் அத்தனை சந்தோஷம். இந்தப் பிரதியை மெல்ல விரித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

அப்புறம் முந்திய அச்சின் அடையாளங்கள், முதலில் முதல் பக்கம். அங்கே நாவலின் பெயர் மரக்கிளைகளை ஒடித்து அடுக்கியது போன்ற எழுத்தில் இருக்க வேண்டும், இருந்தது. 453-ஆம் பக்கத்தில் 'சர் பிட்' என்று வர வேண்டிய இடத்தில் 'மிஸ்டர் பிட்' என்ற பிழை, அதுவும் இருந்தது. 336-ஐப் புரட்டினோம். கதையில் வரும் ஸ்டெய்ன் பிரபுவின் மரச்செதுக்குப் படம் அங்கே இருக்க வேண்டும். நிஜமான ஒரு பிரபுவின் சாயல் அப்பட்டமாகத் தெரிந்ததால் பிறகு அதை எடுத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். இந்தப் பிரதியில் படம் இல்லை.

ஆக, சில பகுதிகள் முந்திய அச்சு, சில பிந்திய அச்சு. அன்றைக்குச் சந்தா கட்டிய யாரோ ஒரு மாதத்தைத் தவறவிட்டு, பிறகு வந்த அச்சில் வாங்கிச் சேர்த்திருக்கலாம். இப்படிக் கலந்த பிரதிகள் எனக்குப் பிடிக்கும், ஒரு வாசகர் மாதாமாதம் காத்திருந்த தடம் அதில் இருக்கிறது. கடைக்காரரிடம் பக்கங்களைக் காட்டினோம். பொறுமையாகப் பார்த்தார், பென்சில் குறிப்பை அழித்துவிட்டு விலையையும் குறைத்தார். நண்பர் வாங்கிக்கொண்டார்.

மற்ற நாவல்களுக்கும் இப்படி அடையாளங்கள் உண்டு. டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' என்றால் செதுக்கோவியத் தலைப்புப் பக்கத்தில் விடுதிப் பலகையைப் பாருங்கள், முந்திய பிரதிகளில் 'வெல்லர்' என்ற பெயரின் முதலெழுத்து ஆங்கில 'வி', பிறகுதான் 'டபிள்யூ'. 'ஜேன் அயர்' 1847-இல் மூன்று தொகுதிகளாக வந்தபோது, அதை எழுதிய சார்லட் பிராண்டியின் புனைபெயரில், 'கரர் பெல் தொகுத்தது' என்று போட்டார்கள். 'கரர் பெல் எழுதியது' என்று இருந்தால் அது முதல் பதிப்பு அல்ல.

வீட்டிலுள்ள பழைய புத்தகங்களைப் படமெடுத்துச் சென்னையிலிருந்து எனக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. தாத்தா அலமாரியில் கிடைத்தது மேக்மில்லன் பதிப்பகத்தின் 'காலனியல் லைப்ரரி' என்றால், அது 1886-இல் தொடங்கிய வரிசை. இந்தியாவிலும் பிரிட்டிஷ் காலனிகளிலும் மட்டுமே விற்பதற்கு என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். லண்டன் முதல் பதிப்பின் விலை கிடைக்காது. இருந்தாலும் உள்ளே கையெழுத்தோ கடை முத்திரையோ இருந்தால் அந்தப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள்.