டிவி ஆப்டிகல்ல சின்ன டேக் பாக்ஸ் போட்டு பழைய ஆம்ப்புக்கு கொடுத்தேன், சில படத்துக்கு மட்டும் கரகரன்னு சத்தம், கூடவே ஹம்மிங். உதவி பண்ணுங்க

வணக்கம். வீட்ல அப்பாவோட அசெம்பிள்டு ஆம்ப் ஒண்ணு இருக்கு, எஸ்டிகே 4141 போர்டு, ரிச்சி ஸ்ட்ரீட்ல சாமான் வாங்கிட்டு வந்து தெரிஞ்சவர்கிட்ட கொடுத்து கட்டுனது, இரும்பு கேபினெட், மூணு பின் ப்ளக்கு, கூட ரெண்டு பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர். டேப் டெக் போனதுல இருந்து பரண்லயே கிடந்துச்சு. அப்பாவுக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம், டிவி ஸ்பீக்கர்ல வசனமே புரியலன்னு சொல்றார், அதான் அந்த பெட்டியையே டிவிக்கு போட்டுரலாம்னு இறக்குனேன்.

டிவில ஹெட்போன் ஓட்டை கிடையாது, ஆப்டிகல் மட்டும்தான். 650 ரூபாய்க்கு ஒரு டேக் (டிஜிட்டல் சத்தத்த ஆம்புக்கு புரியற மாதிரி அனலாக்கா மாத்துற பாக்ஸ்) வாங்குனேன், ஆப்டிகல் உள்ள போய் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ வெளிய வருது, கரண்டுக்கு டிவி பின்னாடி யுஎஸ்பில சொருகிட்டேன்.

பிரச்சனை ரெண்டு. யூடியூப்ல பாட்டு போட்டா அருமையா கேக்குது, ஆனா ஓடிடில படம் போட்டா கரகரன்னு ஒரே இரைச்சல், வேற ஒண்ணுமே கேக்கல. சில எச்டி சேனல்லயும் அப்படித்தான். ரெண்டாவது, எது போட்டாலும் பின்னாடி ம்ம்ம்னு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கு. டேக் மட்டமானதா? திருப்பி அனுப்பிட்டு நல்லதா வாங்கணுமா?

பதில் 1
650 ரூபாய்க்கு இதான் கிடைக்கும் ப்ரோ. ஒரு எட்டாயிரம் பத்தாயிரம் போட்டு நல்ல டேக் வாங்குங்க, வித்தியாசம் தெரியும். ஹம்முக்கு ஆம்ப் ப்ளக்குல அந்த பெரிய பின்ன மட்டும் கழட்டி விட்டுருங்க, எங்க வீட்ல அப்படித்தான் போச்சு.

பதில் 2
தம்பி, முதல்ல அந்த எர்த் பின்ன தொடாதீங்க. இரும்பு கேபினெட், பழைய டிரான்ஸ்ஃபார்மர், உள்ள இன்சுலேஷன் என்னைக்கு விடும்னு யாருக்கும் தெரியாது, விட்டுச்சுன்னா 230 வோல்ட் அப்படியே பாடிக்கு வந்துரும், வால்யூம் திருக போறது உங்க அப்பா கை. எர்த் இருந்தா ஃபியூஸ் போகும், இல்லன்னா ஆள் போயிரும். மேல சொன்ன தம்பியும் தயவுசெய்து உங்க வீட்ல அந்த பின்ன திருப்பி போட்டுருங்க.

இப்ப கரகரப்பு. உங்க டேக் மேல தப்பே இல்ல. இந்த சின்ன பாக்ஸுக்கு பிசிஎம் மட்டும்தான் புரியும், அதாவது சாதா ஸ்டீரியோ. யூடியூப் பாட்டு ஸ்டீரியோவா வருது, டிவி அத பிசிஎம்மா மாத்தி அனுப்பிருது. ஓடிடி படம் டால்பி 5.1ல வரும்போது டிவி அத பிரிக்காம சுருக்கின டேட்டாவ அப்படியே ஆப்டிகல்ல தள்ளி விடுது. டேக் அதையும் சத்தம்னு நினைச்சு வாசிக்குது, அதான் இரைச்சல். சில டேக்ல ஒண்ணுமே வராம அமைதியா இருக்கும், உங்களோடது கத்துது.

டிவில சவுண்ட் செட்டிங்ஸ் போய் டிஜிட்டல் ஆடியோ அவுட்னு இருக்கும், ஆட்டோ இல்ல பிட்ஸ்ட்ரீம்னு கிடக்கும், பிசிஎம்னு மாத்துங்க. செட்டாப் பாக்ஸுக்குள்ளயும் தனியா ஆடியோ மெனு இருக்கும், அங்கயும் டால்பி எடுத்துட்டு ஸ்டீரியோ வைங்க. முக்கியம், மாத்துற வரைக்கும் ஆம்ப் வால்யூம ஜீரோல வைங்க, அந்த இரைச்சல் முழு லெவல்ல வரும், ட்வீட்டர் (பெட்டில கீச்சு சத்தம் போடுற சின்ன ஸ்பீக்கர்) தாங்காது.

ஹம்முக்கு ஒரு டெஸ்ட். செட்டாப் பாக்ஸ் பின்னாடி டிஷ்ல இருந்து வர கேபிள கழட்டிட்டு கேட்டு சொல்லுங்க. அப்புறம் டிவி யுஎஸ்பில இருக்க டேக் வயர உருவி ஒரு ரெண்டு பின் மொபைல் சார்ஜர்ல சொருகி கேளுங்க.

கேட்டவர்
அண்ணா ரொம்ப நன்றி, பிசிஎம் வச்சதும் படம் சுத்தமா கேக்குது!! டிஷ் கேபிள கழட்டுனா ஹம் முக்கால்வாசி குறையுது. மொபைல் சார்ஜர்ல போட்டதும் கேபிள் இருந்தாலும் ஹம் சுத்தமா இல்ல. எப்படி இது? யுஎஸ்பி கரண்டுக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில் 2
மாடில டிஷ் கம்பி சுவத்துல, அதோட கேபிள் மேல இருக்க வலை செட்டாப் பாக்ஸ் பாடில, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியா டிவில. இந்தப் பக்கம் ஆம்ப் வீட்டு எர்த்துல. ரெண்டு எர்த்தும் ஒரே அளவுல இருக்காது, டிவி யுஎஸ்பி வயர்தான் ரெண்டையும் இணைச்சு விட்டுச்சு, அந்த வழியா ஓடுன 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஆர்சிஏ ஷீல்டுல போய் ஹம்மா கேட்டுச்சு. ஆப்டிகல் வயர்ல போறது வெறும் வெளிச்சம், கரண்ட் அதுல போக வழியே இல்ல. நீங்க ஆப்டிகல் போட்டு அந்த நல்லத வாங்கிட்டு, யுஎஸ்பி வழியா திருப்பி கொடுத்துட்டீங்க, இப்ப அந்த பாலத்த எடுத்தாச்சு. ஆப்டிகல் வயர மட்டும் கூர்மையா மடக்கிராதீங்க.

அப்புறம் பத்தாயிரம் ரூபா டேக் பத்தி. 16 பிட்டுனாலே பெரிய சத்தத்துக்கும் அடியில இருக்க இரைச்சலுக்கும் நடுவுல 96 டெசிபல் கிட்ட இடைவெளி கிடைக்கும், இன்னைக்கு சாதாரண சிப் கூட அத ஒட்டி வருது, இந்த ஆம்ப் தன்னாலயே போடுற இரைச்சல் அதவிட அதிகம். அந்த காச பெட்டிக்கு செலவு பண்ணுங்க. பெட்டி தரைல இருந்தா ஒரு ஸ்டூல் போட்டு ட்வீட்டர உங்கப்பா காது உயரத்துக்கு கொண்டு வாங்க, சுவத்த விட்டு ஒரு அடி தள்ளி வைங்க. வசனம் புரியலன்னு சொன்னீங்கல்ல, பாஸ் கொஞ்சம் குறைச்சு ட்ரெபிள் கொஞ்சம் ஏத்தி பாருங்க.

கேட்டவர்
ஸ்டூல் போட்டாச்சு. இன்னொண்ணு அண்ணா, இப்ப டிவி ரிமோட்ல வால்யூம் வேலை செய்யல, அப்பாவுக்கு மூட்டு வலி, ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் திருகறார், பாக்கவே கஷ்டமா இருக்கு.

பதில் 3
பல டிவில ஆப்டிகல் அவுட் ஃபிக்ஸடு, டிவி ரிமோட்டால அதோட அளவ மாத்த முடியாது. ஆனா செட்டாப் பாக்ஸ் ரிமோட்ல இருக்க வால்யூம் பட்டன் பாக்ஸுக்குள்ளயே குறைக்கும், ஸ்டீரியோல வச்சிருக்கறதால அது வேலை செய்யணும். ஆம்ப ஒரு அளவுல நிறுத்திட்டு அந்த ரிமோட்ட அப்பா கைல கொடுங்க. ஓடிடிக்கு மட்டும் நீங்க எழுந்து போய் வச்சு கொடுக்கணும். உதடும் சத்தமும் ஒத்துப் போகலன்னா டிவில ஆடியோ டிலே ஜீரோவுல வைங்க.

கேட்டவர்
வேலை செய்யுது. நேத்து ராத்திரி நாதஸ்வரக் கச்சேரி ஒண்ணு போட்டோம், தவில் அடிக்கற தோல் சத்தம் தனியா கேக்குதுன்னு அப்பா சொன்னார், பதினோரு மணி வரைக்கும் படுக்கவே இல்ல. இப்ப இடது பெட்டில ட்வீட்டர் வரலன்னு அவரே கண்டுபிடிச்சு சொல்றார். அது போயிருச்சா?

பதில் 2
முதல்ல ட்வீட்டரோட தொடர்ல இருக்க நான்-போலார் கெப்பாசிட்டர பாருங்க, 2.2 இல்ல 3.3 மைக்ரோஃபாரட்னு எழுதியிருக்கும், பழைய பெட்டில அதான் முதல்ல போகும். வலது பெட்டி ட்வீட்டர கழட்டி இங்க மாட்டி பாத்தாலே தெரிஞ்சிரும். பெட்டிய திறந்து போட்டோ போடுங்க.